இருபத்தேழு வயதில் ஓய்ந்த இரு குரல்கள்

(செண்பகத்தோப்பில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மலையடிவாரத்திலிருந்து இறங்கினால் திருவில்லிபுத்தூர். அங்கிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை இராசபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாகச் செங்கோட்டையை அடைகிறது. அச்செங்கோட்டையில் 1906 ஆகஸ்டு 25இல் பிறந்தவர் நாடகக் கலைஞர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1933 டிசம்பர் 2இல் மறைந்தார். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1911 மே மாதம் பிறந்தவர் ராபர்ட் ஜான்சன். கிதார் இசைத்துப் பாடிய கறுப்பினக் கலைஞர். 1938 ஆகஸ்டு 16இல் மறைந்தார். இருவரும் வாழ்ந்தது இருபத்தேழு ஆண்டுகளே.

ஜான்சன் பாடியது 'ப்ளூஸ்' என்னும் இசை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், பருத்திக் காடுகளில் பாடிய தொழிற்பாட்டிலிருந்தும் கூவலிலிருந்தும் கிளைத்தது அது. அதன் யாப்பு கவிஞர்கள் கருதத்தக்கது. முதலடியைப் பாடுவர், அதனையே மீண்டும் பாடுவர், மூன்றாம் அடி அதற்கு விடையாய் அமையும். மடக்கிப் பாடுவது சொல் வறுமையன்று. துயரம் ஒருமுறை சொன்னதால் தீர்வதில்லை. இதனை நம் ஊர் ஒப்பாரிப் பெண்கள் நன்கறிவர். பாடகன் நிறுத்திய இடத்தைக் கிதார் நிரப்பும். ஜான்சனின் பெருவிரல் தாழ்சுரங்களை நடத்த, ஏனைய விரல்கள் மேற்சுரங்களை இசைத்தன. இசைத்தட்டில் கேட்டோர் இருவர் வாசிப்பதாகவே மயங்கினர்.

ஆயினும் தொடக்கத்தில் அவர் வாசிப்பை மூத்த கலைஞர்கள் எள்ளினர். சன் ஹவுஸ் என்னும் முன்னோடியே பின்னாளில் இதனை நினைவுகூர்ந்துள்ளார். ஊரை விட்டுச் சென்ற இளைஞர் திரும்பி வந்து வாசித்தபோது அனைவரும் திகைத்தனர். நள்ளிரவில் நாற்சந்தியில் பேய்க்கு ஆன்மாவை விற்றுக் கலையைப் பெற்றார் என்று கதை பிறந்தது. உண்மை எளியது. இடைப்பட்ட காலத்தில் ஐக் சிம்மர்மன் என்னும் ஆசானிடம் அவர் முயன்று பயின்றார்.

நமக்கும் இத்தகைய கதை புதிதன்று. திருவானைக்காவில் அன்னையின் தாம்பூலம் பெற்றுக் காளமேகம் கவியானார் என்கிறோம். அங்கே பேய், இங்கே தேவி. இரண்டுமே உழைப்பை மறைத்துவிடுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தேவியின் கதை கவிஞனை உயர்த்துகிறது. பேயின் கதையோ, ஓர் ஏழைக் கறுப்பின இளைஞனின் கடும்பயிற்சியைக் குற்றம்போல் ஆக்கிவிடுகிறது. கிட்டப்பாவையும் 'பிறவி மேதை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். சிறுவயது முதல் இரவுதோறும் மேடையேறிய உழைப்பையும், தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியத் துணையையும் மறந்துவிடுகிறோம்.

இருவரையும் நமக்குக் காத்துத் தந்தது இசைத்தட்டு. ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசை வரை எட்டிய குரல் கிட்டப்பாவுடையது. மேடையில் இரசிகர் கேட்கக் கேட்க விரிந்த பாட்டு, தட்டில் சில நிமிடங்களுக்குள் ஒடுங்கியது. ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும், 1937 ஜூனில் டல்லஸிலும் பதிந்தவை இருபத்தொன்பது பாடல்களே. எஞ்சியவை ஊர்தோறும் பாடிக் காற்றில் கலந்தவை.

1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் நிகழ்ந்த இசைவிழாவுக்கு ஜான் ஹாமண்ட் அவரைத் தேடினார். கிடைத்தது இறப்புச் செய்தி. அம்மேடையில் அவர் பாட வேண்டிய இடத்தில் இசைத்தட்டைச் சுழலவிட்டனர். 1961இல் வெளிவந்த தொகுப்புத் தட்டு வழியாகவே, இங்கிலாந்தின் எரிக் கிளாப்டன் முதலிய இளைஞர்களை அக்குரல் எட்டியது.

கிட்டப்பாவின் நினைவைக் காத்தவர் அவர் துணைவியார் கே.பி. சுந்தராம்பாள். இருபத்தைந்து வயதில் வெள்ளாடை பூண்டார். ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என உறுதிகொண்டார். 1935இல் திரைக்கு வந்தபோது நந்தனாராகத் தாமே நடித்தார். 1980இல் மறையும்வரை அந்நோன்பு வழுவவில்லை.

ஆக, கலைஞன் மறைந்தபின் அவன் குரல் வாழ்வதற்கு ஒரு பொறியோ, ஒரு நெஞ்சமோ வேண்டியிருக்கிறது. இரண்டும் வாய்க்காத பாடகர் எத்தனை பேர்! இதே செண்பகத்தோப்பில் தேனெடுத்து வாழும் பளியர் மக்களிடம் பாட்டு உண்டு. கீழே வயற்காடுகளில் நடவு நட்ட மூதாட்டியரிடம் பாட்டு உண்டு. நாற்பாட்டன் காலத்துச் செய்யுளை ஏட்டிலிருந்து மீட்ட மரபு நம்முடையது. உயிரோடிருப்பவர் வாய்ப்பாட்டை, அவரவர் இசைவோடும் பெயரோடும் பதிந்துவைப்பதும் அம்மரபின் தொடர்ச்சியே. பத்தாண்டு கவிதை வாசித்த இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் சற்றே கேட்கவும் தொடங்கட்டும்.