நம் சங்க ஆப்: பெட்டி வாடகையா, மீட்டர் கணக்கா?

(பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம் சங்க ஆப்பை இனி எப்படி ஓட்டுவது என்று செயற்குழு என்னிடம் கேட்டிருந்தது. இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி கண்டெய்னர். காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகிற கண்டெய்னர் லாரிகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். உள்ளே என்ன சரக்கு என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு சரியாக இருந்தால் போதும். 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளைக் கப்பலேற்றித் தொடங்கிவைத்த முறை இது. 2013-ல் வந்த டாக்கர் இதையே மென்பொருளுக்குச் செய்தது. ஆப்பும் அதற்குத் தேவையானவையும் ஒரே பெட்டியில் இருக்கும். எந்த சர்வருக்கும் தூக்கிப் போகலாம். ஆனால் யாரும் திறக்காத நாளிலும் பெரும்பாலும் சர்வர் வாடகை உண்டு. பராமரிக்க ஆளும் வேண்டும்.

இரண்டாவது சர்வர்லெஸ். 2014-ல் அமேசான் அறிவித்த லாம்ப்டா இந்த வகை. நம்ம ஜோஹோவின் கேட்டலிஸ்ட்டும் இதே வகைதான். சர்வர் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை நமக்கில்லை. ஆட்டோ மீட்டர் மாதிரி, ஓடிய அளவுக்குத்தான் காசு. கூட்டம் வந்தால் தானே பெருகும்.

இதிலும் குறை உண்டு. சும்மா கிடந்த ஆப் எழுந்திருக்க ஓரிரு விநாடி ஆகலாம். லாம்ப்டாவில் ஒரு வேலை 15 நிமிடத்துக்கு மேல் ஓடாது. இடைவிடாத வேலைக்கு மீட்டர் எகிறும். அமேசான் பிரைம் வீடியோவே வீடியோ தரம் பார்க்கும் ஒரு வேலையை சர்வர்லெஸ்ஸிலிருந்து கண்டெய்னருக்கு மாற்றி, செலவில் 90 சதவீதம் குறைத்ததாக 2023-ல் சொன்னது.

நம் கதை வேறு. தண்ணீர் லாரி முறை, பராமரிப்பு ரசீது என்று நாளுக்குச் சில தடவைதான் திறக்கிறோம். 240 வீடும் தினம் நூறு தடவை திறந்தாலும் மாதம் 7,20,000 அழைப்பு. லாம்ப்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்பு இலவசம். தகவல் சேமிக்கும் இடத்துக்குத் தனிக் காசு.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ராத்திரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறந்தீர்கள். சர்வர் படுத்துவிட்டது. அதை எழுப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் வீட்டில் முழங்கால் தண்ணீர், கரண்ட்டும் இல்லை. அது என் தவறு. ஒரே ஆளை நம்பி ஏற்பாடு செய்திருக்கக் கூடாது.

அதனால் சர்வர்லெஸ்ஸுக்கே போகலாம் என்பது என் யோசனை. கூடவே மூன்று ஏற்பாடு வேண்டும். பில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் பொருளாளருக்கு எச்சரிக்கை வர வேண்டும். கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அவசர போன் எண்களை அச்சடித்து கேட்டில் ஒட்ட வேண்டும். டவரே போய்விட்டால் எந்த ஆப்பும் உதவாது.

ஐப்பசி மழைக்கு முன் முடிவெடுங்கள். இரண்டாவது ஆளாக வர விருப்பமுள்ள பிள்ளைகள் என்னிடம் பெயர் கொடுங்கள். நான் சொல்லித் தருகிறேன்.