கடிகாரம் பொய் சொன்னால்...

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டது ஞாபகம் இருக்கும். நம் தென்பகுதி மின்தொகுப்பு அன்று தனியாக இயங்கியதால் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் சேர்ந்துவிட்டோம். இன்று இந்தியா முழுக்க ஒரே துடிப்பு, 50 ஹெர்ட்ஸ்.

அந்தத் துடிப்பைக் கண்காணிக்கத்தான் துணைமின் நிலையங்களில் பி.எம்.யூ. கருவிகள். ஒரே நொடியில் இரண்டு ஊர்களின் மின்னழுத்த அலைகளுக்கு நடுவே எத்தனை டிகிரி வித்தியாசம் என்று காட்டும். வித்தியாசம் கூடினால் லைன் திணறுகிறது என்று அர்த்தம். நேரத்தை ஜி.பி.எஸ். கொடுக்கிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 56 மைக்ரோ செகண்ட். கடிகாரம் அவ்வளவு பிசகினாலே லைனில் இல்லாத ஒரு டிகிரி திரையில் வந்துவிடும்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த சிக்னல் மிக மெலிந்தது. பக்கத்தில் ஒருவன் அதே மாதிரி போலி சிக்னலைக் கொஞ்சம் பலமாக அனுப்பினால், ரிசீவர் அவனைத்தான் நம்பும். சிக்னல் அறுந்தால் அலாரம் அடிக்கும்; போலி வந்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்! நல்ல லைனை ஆபரேட்டர் திறந்துவிடலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டாட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் இப்படி ஒரு பி.எம்.யூ.வை ஏமாற்றி, 2012-லேயே முடிவுகளை வெளியிட்டார்கள். கெட்ட எண்ணம்கூட வேண்டாம். 2016 ஜனவரி 26-ல் ஜி.பி.எஸ்.ஸிலேயே தவறு நேர்ந்து, நேரம் சுமார் 13 மைக்ரோ செகண்ட் பிசகியது.

"ஜி.பி.எஸ். இருக்கே சார், அப்புறம் என்ன?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அதுதான் என் பயம்.

பரிகாரம் இருக்கிறது. ஆன்டெனாவை ரோட்டிலிருந்து தெரியாத இடத்தில் வைத்து, பக்கவாட்டு சிக்னலை மறையுங்கள். உள்ளே ஒரு ரூபிடியம் கடிகாரம். ஃபைபர் வழியே இன்னொரு நேரம். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், "இந்த அளவீடு சந்தேகம்" என்று குறித்துவிட வேண்டும். செலவு என்று எஸ்டிமேட்டில் முதலில் அடிபடுவது அந்த ரூபிடியம்தான். அடிக்க விடாதீர்கள்.

நம் லேபில் ரீடிங் எடுத்ததும், "மீட்டரை மாத்திப் போட்டு இன்னொரு தடவை பாருப்பா" என்பார் எங்கள் புரொபசர். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு என் வேலையே அதுதான்.