எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்டவர்கள்

(செஞ்சியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் ராஜகிரி தெரிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து நம்ம செஞ்சி ஒன்றுதான். ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். கோனார், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, மொகலாயர், தேசிங்கு, பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று இந்த மலையைப் பிடித்தவன் எல்லாருக்கும் வரலாறு இருக்குது. இதுக்குக் கல்லு சுமந்தவனுக்கு? சுற்றியிருந்த காட்டில் வாழ்ந்தவனுக்கு? அவனைப் பற்றி யார் படிக்கிறார்கள், எங்கே படிக்கிறார்கள்? இதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் இருளர் இல்லை. சேரியில் பிறந்தவன். இந்தப் பக்கத்து இருளர் குடியிருப்பு ஒன்றில் சில வருஷமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். பத்தாவது முடித்த ஒரு பையனுக்குச் சாதிச் சான்று வேண்டியிருந்தது. அவன், அவனுடைய அப்பா, நான் மூன்று பேரும் அலுவலகம் போனோம். அங்கிருந்த அதிகாரி அந்த அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ இருளன்னு நான் எப்படி நம்பறது? எலி பிடிக்கத் தெரியுமா? பாம்பு பிடிப்பியா?" என்றார். "தெரியும் சாமி" என்றார் அவர். பையன் தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வந்ததும் சொன்னான்: "சார், பள்ளிக்கூடத்துல எலிக்கறின்னு கூப்பிடறானுங்க. அதனால எங்கப்பா எலி பிடிக்கிறத நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. இங்க வந்தா அதையே காட்டச் சொல்றாங்க."

தோழர்களே, இதைவிடக் கொடுமையை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் உன் பண்பாட்டை மறைக்கச் சொல்லுது. அலுவலகம் அதை நிரூபிக்கச் சொல்லுது. இரண்டு இடத்திலும், இருளர் என்றால் யார் என்று முடிவு செய்பவன் இருளர் இல்லை.

இது நம்மோடு நிற்கிற கதை அல்ல. அமெரிக்கா, கனடா எல்லைக்கு இரண்டு பக்கமும் பிக்கானி என்கிற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். பிளாக்ஃபுட் மொழி பேசுகிற இனங்களில் ஒன்று. 1870 ஜனவரி 23 அன்று, கடும் குளிரில், மரையஸ் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த அவர்களை அமெரிக்க ராணுவம் சுட்டுக் கொன்றது. ஏறத்தாழ 200 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதற்குப் பிறகு துப்பாக்கிக்குப் பதிலாகப் பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள்.

அந்த மக்கள் என்ன செய்தார்கள்? 1974இல் மொன்டானா மாநிலத்து பிரவுனிங் ஊரில் தங்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பிளாக்ஃபீட் சமுதாயக் கல்லூரி என்று பெயர். பிக்கானி மொழி, பிக்கானி வரலாறு, பிக்கானி பண்பாடு எல்லாம் அங்கே பாடம். இப்படிப்பட்ட பழங்குடிக் கல்லூரிகளுக்கு அரசு நிதி தரவேண்டும் என்று 1978இல் சட்டமே வந்தது. பணம் அரசாங்கத்துது, பாடம் அவங்களுது. எல்லைக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய சகோதர இனமான கைனாய் மக்களின் ரெட் குரோ கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளின் நாக்கிலிருந்து மொழியைப் பிடுங்கினார்களோ, அதே கட்டடத்தில் பல ஆண்டுகள் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். 2015இல் அந்தக் கட்டடம் தீயில் எரிந்தது. கல்லூரி எரியவில்லை, நடக்கிறது.

நமக்கு இந்த அறிவு இல்லாமல் இல்லை. 1907இல் பத்திரிகை தொடங்கி நம் வரலாற்றை நாமே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1914இல் அவர் மறைந்தார். அவர் எழுத்து தொகுதிகளாக நம் கைக்கு வர 1999 ஆயிற்று. இடையில் 85 வருஷம்! ஏன்? அதைக் காப்பாற்றி, பாடமாக வைத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நம்மிடம் ஒரு நிறுவனம் இல்லை. அம்பேத்கர் அதைத் தெரிந்து வைத்திருந்தார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் அவுரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி என்று கட்டினார். மராத்தி தலித் இலக்கியத்துக்கு மிலிந்த் ஒரு விளைநிலமாக இருந்தது.

போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: "எலி பிடிக்கிறதயும் பாம்பு பிடிக்கிறதயும் பாடமா வெச்சா, குலத்தொழில திரும்பக் கொண்டாந்த மாதிரி ஆகாதா?" நியாயமான கேள்வி. பறையை நினைத்துப் பாருங்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கொளுத்தியதும் நாம்தான். விடுதலை மேடையில் அதைக் கையில் எடுத்து அடித்ததும் நாம்தான். அடி என்று ஆண்டை சொன்னால் அது அடிமைத்தனம். எப்போது அடிப்பது, எதற்கு அடிப்பது என்று நாம் முடிவு செய்தால் அது கலை. தொழில் வேறு, அறிவு வேறு. எந்தப் பிள்ளையையும் வளைக்குள் கைவிடச் சொல்லவில்லை. அவன் அப்பனுக்குத் தெரிந்தது அறிவு என்று அவனுக்குத் தெரியட்டும் என்கிறேன்.

அது அறிவுதான் என்பதற்குச் சாட்சி வேணுமா? மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கின் விஷத்தையும் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் கடிபட்டவனைக் காப்பாற்றும் மருந்து தயாராகிறது. அந்த மருந்தை உடம்பில் ஏற்றும்போது யாரும் சாதி பார்ப்பதில்லை. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். நீலகிரி, கோவை மலைகளில் இருளர் பேசுவது தனி மொழி. அதற்கு 1973இல் நூல் எழுதியவர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில். வெளிநாட்டான் படிக்கிறான். செஞ்சியில் இருளர் பிள்ளை எங்கே படிப்பான்?

திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சான்றுக்கும் மனைக்கும் கொத்தடிமை மீட்புக்கும் பல வருஷமாகப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தோடு இதையும் சேர்ப்போம். கல்லூரி கட்ட நம்மிடம் காசு இல்லை. ஒரு வேப்பமரத்தடி போதும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் வாத்தியார். மூலிகை, பாட்டு, மாசி மகத்துக்குக் கடற்கரையில் கன்னியம்மாவைக் கும்பிடுகிற முறை, ரைஸ்மில்லில் அடைபட்டுக் கிடந்த கதை எல்லாம் பாடம். எழுதுவது அவர்கள் பிள்ளைகள். நோட்டு அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நானோ நீங்களோ அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்கக் கூடாது. நம் வேலை விளக்கு பிடிப்பது.

அந்தப் பையனுக்கு இன்னும் சான்று வரவில்லை. வரும், வாங்குவோம். ஆனால் அடுத்த தடவை எவனாவது அவனைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்டால், அவன் தலையைக் குனியாமல் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு.