பெயரை மாற்ற எத்தனை தாள் வேண்டும்?

(மாலைநேரப் படிப்பகங்களில் பாடம் சொல்லித்தரும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் பட்டம் என்பது வால். வேண்டாம் என்றால் வெட்டிவிடலாம். பெயரே இழிவாகிப்போனவர்கள் எதை வெட்டுவார்கள்? சூத்திரனுக்கு இகழ்ச்சியைக் குறிக்கும் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம்.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள் எல்லாமே அப்படி வந்தவை அல்ல. முந்தைய பிள்ளைகள் தங்காத வீட்டில், இதுவாவது பிழைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து வைத்த பெயர்களும் உண்டு. அந்தத் தாயின் அன்பைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அதே பெயரை வருகைப் பதிவேட்டில் வாசிக்கும்போது வகுப்பே சிரிக்கிறது. "அண்ணா, என் பேர மாத்த முடியுமா?" என்று பிள்ளை உங்களிடம்தான் கேட்கும். "முடியும்" என்று சொன்னால் மட்டும் போதாது. எப்படி என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அது பெயர் மாற்றமே அல்ல. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 14-ஆம் பிரிவின்படி, பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே பெற்றோர் எழுதிக் கொடுத்துப் பெயரைச் சேர்க்கலாம். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் உண்டு. பதிவில் எழுத்துப் பிழை என்றால் 15-ஆம் பிரிவின் கீழ்த் திருத்தம் கேட்கலாம். பிழைதான் என்று காட்ட வேறு ஆவணம் வேண்டும்.

சரியாகப் பதிவான பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழுக்குப் போக வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைக்காகத் தந்தையோ தாயோ காப்பாளரோ கையெழுத்திடுவார். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, முகவரிச் சான்று, ஒளிப்படம், அதிகாரியின் சான்றொப்பம் எல்லாம் சேர வேண்டும். கடைசியில் அரசிதழில் வருவது ஒரே ஒரு வாக்கியம்தான்: இந்தப் பெயருடைய, இந்த நாளில் பிறந்த என் மகள் இனி இந்தப் பெயரால் அழைக்கப்படுவார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால்தான் சிக்கலே. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து கூடுதல், குடும்ப அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர், பள்ளிப் பதிவேட்டில் வாத்தியார் காதில் விழுந்த பெயர். எனவே ஒரு வெள்ளைத்தாளில் எல்லா ஆவணங்களையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். முரண்பாடு எங்கே என்பது அப்போதே தெரிந்துவிடும். புதிய பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. அதன்பின் திருத்த வேண்டிய தாள்கள் பெருகிக்கொண்டே போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பெற்றோர் தயங்குவார்கள். "பேர மாத்துனா சலுகை போயிருமாமே?" என்று கேட்பார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. சீக்கியர்களை 1956-இலும் பௌத்தர்களை 1990-இலும் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்துகள் இன்றும் வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். கிறித்தவப் பெயராகத் தோன்றினால் சான்றிதழில் சந்தேகம் வரும் என்பதற்காக வீட்டில் ஒரு பெயரும் தாளில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் எத்தனை! அந்தப் பயத்தை விதைத்தது சட்டம்தான்.

ஆனால் சாதிச் சான்றிதழ் பெற்றோரின் சாதியை வைத்துத் தரப்படுவது, பிள்ளையின் பெயரை வைத்து அல்ல. 2023-இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. சாதி இழிவு தாங்காமல் தந்தை தன் குடும்பப்பெயரை மாற்றிக்கொண்டார். மகன்களின் சான்றிதழில் அதைத் திருத்த சிபிஎஸ்இ மறுத்தது. அடையாளத்துக்கான உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, திருத்தித் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் மாற்றத்தைக் காட்டிப் புதிதாக இடஒதுக்கீடு கோர முடியாது என்றும் தெளிவுபடுத்தியது. எனவே பெற்றோரிடம் சொல்லுங்கள்: அரசிதழ்ப் படியைச் சாதிச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பிள்ளைதான் என்பதற்கு அதுவே சாட்சி.

தோழர்களே, சாதிப் பட்டத்தைச் சுமந்து வரும் பெயரிடம் எந்த அலுவலகமும் விளக்கம் கேட்பதில்லை. இழிவை உதற நினைக்கும் பிள்ளைதான் கட்டணம் கட்டி, கூலி நாளை இழந்த அப்பாவோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும், பள்ளிகளிலேயே பெயர் மாற்ற முகாம் நடத்த வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அது கிடைக்கும்வரை அந்த வரிசையில் பிள்ளையோடு நாமும் நிற்போம்.