வீட்டுத் தையலில் கடை நேர்த்தி

(புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



கண்மாய், வரத்துக்கால், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று சட்டைத் தையலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலருடைய முகத்தில் புன்னகை அரும்புகிறது. வளர்ச்சிப் பணிக்கும் ஊசி நூலுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு என்பதையும், அது சிறிய தொடர்பன்று என்பதையும் எடுத்துக் கூறுவதே நமது நோக்கம்.

நம் மாவட்டம் வானத்தைப் பார்த்து வாழும் மாவட்டம். மழை பெய்தால் கண்மாய் பெருகும். கண்மாய் பெருகினால்தான் வீட்டில் நெல் இருக்கும். தென்னையை நம்பியிருந்தவர்களின் நிலை என்னவாயிற்று என்பதை 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் காட்டிவிட்டது. ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் ஒரே இரவில் தோப்புகள் சாய்ந்தன. புதிய கன்று காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அடுப்பு எரிந்தாக வேண்டும். மழையையும் காற்றையும் சாராத வருவாய் ஒன்று ஒவ்வொரு குடும்பத்திலும் இருத்தல் நலம் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். தையல் அத்தகைய தொழில்களுள் ஒன்று.

இயந்திரம் வந்தது, நேர்த்தி வரவில்லை

காந்தியடிகள் இயந்திரங்கள் அனைத்துக்கும் எதிரானவரா என்று 1924ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் அவரிடமே வினவினார். தையல் இயந்திரத்தைத் தாம் விலக்காகக் கொள்வதாக அடிகள் விடையளித்தார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் காணப் பொறாத கணவனின் அன்பே அவ்வியந்திரத்தின் பிறப்புக்குக் காரணம் என்பது அவர் கருத்து. வினவிய இளைஞர் ஜி. இராமச்சந்திரன். பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவரே. கிராமத்துக்கு ஏற்ற இயந்திரம் இது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் இலவசமாக வழங்கும் திட்டம் ஒன்று சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் நம் மாநிலத்தில் நடைபெற்று வருகிறது. மகளிர் குழுக்கள் கடன் பெற்றும் இயந்திரம் வாங்குகின்றன. ஆயினும் ஊர்தோறும் செல்லும்போது நாம் காண்பது என்ன? பல வீடுகளில் இயந்திரம் பழைய சேலையால் மூடப்பெற்று மூலையில் நிற்கிறது. கிழிந்த பாவாடைக்கும் தலையணை உறைக்கும் மட்டும் அது பயன்படுகிறது. அதே வீட்டுப் பிள்ளையின் புதுச்சட்டைத் துணியோ நகரத்துத் தையற்கடைக்குச் செல்கிறது. ஏனெனில், "வீட்டில் தைத்தால் வீட்டில் தைத்ததுபோலவே இருக்கும்" என்ற எண்ணம் ஊன்றிப் போயிருக்கிறது.

வீட்டுத் தையலைக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் மூட்டுத் தையல்தான். இரண்டு துண்டுகள் சேருமிடம் சுருங்கியிருக்கும், கோடு வளைந்திருக்கும், உட்புறத்தில் பிசிறு தொங்கும். இக்குறைகளைப் போக்கப் புதிய இயந்திரம் தேவையில்லை. வரிசையறிந்து பொறுமையாகச் செய்தால் போதும்.

துணியை ஆயத்தம் செய்தல்

வயலைத் தயார் செய்யாமல் விதைப்பாரில்லை. துணியும் அவ்வாறே. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் சிறிதிருக்கும்போதே தேய்க்க வேண்டும். இவ்வாறு செய்யாத துணி தைத்த பின் முதற்சலவையில் சுருங்கும். துணி சுருங்கி நூல் சுருங்காவிடில், தையல் நெடுகிலும் அலை அலையாக நிற்கும். தைத்தவரின் கை குற்றமற்றதாயினும் பழி அவரையே சாரும்.

துணியின் கரைக்கு இணையாக ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. சட்டையின் உயரம் பாவின் வழியே அமையுமாறு வெட்டுக. சாய்வாக வெட்டிய துண்டு, தைக்கும்போதே இழுபட்டு நீளும். இரண்டு முன்பக்கங்களையும் ஒரே மடிப்பில் வைத்து வெட்டினால் ஒன்று நெடிது, மற்றொன்று குறிது என்ற சிக்கல் எழாது. தையலுக்கு விடும் துணி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். அளவு இடத்துக்கு இடம் மாறினால் கோடு நேராக வர வழியில்லை.

ஊசியும் நூலும்

சாதாரணச் சட்டைத் துணிக்கு 14ஆம் எண் ஊசியும், மெல்லிய துணிக்கு 11ஆம் எண்ணும், தடித்த துணிக்கு 16ஆம் எண்ணும் ஏற்றவை. முனை மழுங்கிய ஊசி இழையை அறுத்துத் துணியைச் சுருக்கும். அதை மாற்றுவதில் சிக்கனம் பார்த்தல் ஆகாது. மேல்நூலும் பாபின் நூலும் ஒரே தரமாக இருக்கட்டும். ஓர் அங்குலத்துக்குப் 10 முதல் 12 தையல் என்பது சட்டைக்கு உகந்த அளவு.

தைப்பதற்கு முன் அதே துணியின் துண்டொன்றை இரண்டாக மடித்துத் தைத்துப் பார்க்க வேண்டும். இரு நூல்களும் துணியின் நடுவில் பின்னிக் கொண்டால் இழுவை சரி. பாபின் நூல் மேலே தலைகாட்டினால் மேல்நூல் இறுக்கம் அதிகம். அடியில் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ச்சி. திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்க. இயந்திரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசினாகி ஓட்டத்தைக் கெடுக்கும். தையல் இயந்திர எண்ணெயே விடத்தக்கது.

நேராகத் தைத்தல்

ஏர் ஓட்டுபவர் கொழுமுனையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதில்லை. எதிரே வரப்பைப் பார்த்து ஓட்டுகிறார். தைப்பவரும் குதிக்கும் ஊசியைப் பார்த்தல் கூடாது. துணியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். ஊசியிலிருந்து அரையே அரைக்கால் (5/8) அங்குலத் தொலைவில் இயந்திரத்தின் தட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, துணியின் விளிம்பு அதைத் தொட்டபடியே செல்லுமாறு பார்த்துக்கொண்டால் கோடு தானே நேராகும். துணியை முன்னிருந்து தள்ளவும் வேண்டாம். பின்னிருந்து இழுக்கவும் வேண்டாம். அடியிலுள்ள பற்கள் அதைக் கொண்டு செல்லும். நம் கைகள் வழிகாட்டினால் போதும். தொடக்கத்தில் இரு நூல் முனைகளையும் பின்புறம் பிடித்துக்கொண்டால் சிக்கு விழாது. தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் பின்னோக்கிப் போட்டுக் கட்டுக.

புதிதாகப் பழகுவோர் ஊசியில் நூல் கோக்காமல், கோடிட்ட தாளில் கோட்டின்மேல் ஓட்டிப் பழகலாம். நம் மாவட்டப் பெண்களுக்கு மிதிப்பது புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கு நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை நாடே வியந்து பார்த்தது. அன்று சைக்கிள் மிதித்த கால்கள் தையல் இயந்திரத்தின் மிதியை ஒரே சீராக மிதிக்க அஞ்ச வேண்டியதில்லை.

பிசிறு மறையும் தையல்கள்

கடைச் சட்டையின் விலாவைத் திருப்பிப் பாருங்கள். நல்ல சட்டையாயின் பிசிறு கண்ணில் படாது. அதன் முறை எளியது. துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க இரு துண்டுகளையும் சேர்த்து, 5/8 அங்குலம் விட்டுத் தைக்கவும். பின்னர் வெளியே நிற்கும் இரு விளிம்புகளில் ஒன்றைக் கால் அங்குலமாகக் கத்தரித்துவிடவும். அகலமான மற்றொரு விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்துக் குறுகியதன்மேல் போர்த்தி, படியவைத்து, மடிப்பின் ஓரமாக இரண்டாம் தையல் போடவும். காலே அரைக்கால் (3/8) அங்குல அகலத்தில், இரண்டு கோடுகளுடன், பிசிறெல்லாம் உள்ளடங்கிய பட்டை கிடைக்கும். வயலில் குனிந்து நிமிர்பவரின் சட்டைக்கு இதனினும் உறுதியான மூட்டு இல்லை.

மெல்லிய துணிக்குப் பிரெஞ்சுத் தையல் ஏற்றது. நல்ல பக்கம் வெளியே இருக்கக் கால் அங்குலத்தில் ஒரு முறை தைத்து, விளிம்பை அரைக்கால் அங்குலமாகக் கத்தரித்து, துணியை உட்புறம் வெளியாகத் திருப்பி, 3/8 அங்குலத்தில் மீண்டும் தைத்தால் பிசிறு உள்ளே சிறைப்பட்டுவிடும்.

வளரும் பிள்ளையின் சட்டையில் மட்டும் விலாவைப் போர்த்தித் தைக்க வேண்டாம். பின்னர் பிரித்து அகலப்படுத்த இயலாமற் போகும். அதற்குச் சாதாரண மூட்டும், விளிம்பில் ஓவர்லாக்கும் போதும். விலாவிலும் அடிமடிப்பிலும் சற்றுக் கூடுதலாகத் துணி விட்டு வைத்தால் அதே சட்டை அடுத்த ஆண்டும் உதவும்.

தேய்ப்புப் பெட்டி

கடை நேர்த்தியின் பாதி தேய்ப்புப் பெட்டியில் இருக்கிறது. சட்டை முழுதும் தைத்த பின் தேய்ப்பது நம் வழக்கம். தொழில் அறிந்தவரோ ஒவ்வொரு மூட்டையும் தைத்தவுடனே தேய்த்துவிட்டுத்தான் அடுத்த தையலுக்குச் செல்வார். முதலில் தைத்த நிலையிலேயே ஒரு முறை தேய்த்தால் நூல் துணியில் படியும். பின்னர் விரித்துத் தேய்த்தால் மூட்டு தட்டையாக அமரும். ஒரு தையலின்மேல் மற்றொரு தையல் குறுக்கிடுமுன் இதைச் செய்தாக வேண்டும்; பிறகு செய்ய முடியாது. கரிப்பெட்டியாயினும் மின்பெட்டியாயினும் பயன் ஒன்றே.

கையும் காலரும்

கையை இணைப்பதில் ஓர் ஒழுங்குண்டு. விலாவை மூடிய பின் வட்டமான கைக்குழியில் கையைப் பொருத்துவது புதியவர்க்குக் கடினம். தோள்பட்டையைத் தைத்தவுடன், சட்டை விரிந்த நிலையிலேயே கையை இணைத்துவிட்டு, பிறகு கையின் அடியையும் விலாவையும் ஒரே ஓட்டமாகத் தைப்பதே எளிய வழி. அக்குளில் இரு மூட்டுகளும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். சட்டைகள் முதலில் கிழியும் இடம் அதுவே. அங்கு ஓர் இரட்டைத் தையல் போடுதல் நன்று.

காலருக்குள் வைக்கும் கேன்வாஸைத் தையலுக்கு விடும் துணி நீக்கி வெட்டினால் விளிம்பு தடிக்காது. முனையை நெருங்கும்போது தையலைச் சிறிதாக்கி, கூர்முனையில் ஒரே ஒரு தையலைக் குறுக்காகப் போட்டுத் திரும்புக. பின்னர் முனைத் துணியைச் சாய்வாகக் கத்தரித்து, மழுங்கிய குச்சியால் வெளியே தள்ளுக. கத்தரிக்கோலின் நுனியால் குத்தினால் முனை பொத்துப் போகும். காஜாவை விளிம்பிலிருந்து ஒரே தொலைவில், அளவுகோல் வைத்துக் குறித்த பின்னரே எடுக்க வேண்டும். கோணிய தையலைப் பிரித்துத் தைப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பிரிக்கத் தெரிந்தவரே தொழில் தெரிந்தவர்.

ஊராட்சியின் கடமை

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். சத்துணவு உண்ணும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை வழங்குகிறது. அவற்றைத் தைப்பவர்கள் பெரும்பாலும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள். அவர்களுக்கு உருப்படிக்குத் தக்க கூலி. தையல் சீராக இருந்தால் கூலி கையில் சேரும். கோணினால் பிரித்துத் தைப்பதிலேயே பொழுது போகும். மேலும், அச்சீருடையை அணிவது நம் ஊர்ப் பிள்ளை. வேறு நல்ல சட்டை இல்லாத பிள்ளையின் அக்குள் கிழிந்தால், அது வகுப்பில் கையை உயர்த்தி விடை சொல்லவும் கூசும். ஒரு மூட்டுத் தையலில் ஒரு தாயின் கூலியும் ஒரு பிள்ளையின் தன்மானமும் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே ஊராட்சிகள் செய்யத்தக்கவை சில. முதலாவது, மகளிர் குழுக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ பகல் வெளிச்சம் நன்கு விழும் ஓரிடத்தைத் தையலுக்கென ஒதுக்குக. இரண்டாவது, துணி வெட்ட உயரமான மேசை, தேய்ப்புப் பெட்டி, இயன்றால் ஓர் ஓவர்லாக் இயந்திரம் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்க. ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது அரிது. மூன்றாவது, இயந்திரம் பெற்ற பெண்களின் பட்டியலைக் கிராம சபையில் படித்து, அவற்றுள் எத்தனை ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன என்று கேளுங்கள். நிற்பதற்குக் காரணம் ஊசியா, பயிற்சியா, நேரமா என்பது அப்போது விளங்கும். நான்காவது, பயிற்சி வேண்டுவோரை ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்கும், தேர்ச்சி பெற்றோரைக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வழிகாட்டி அனுப்புக.

விவசாய அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. களையெடுத்து, சமைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, எல்லோரும் உறங்கிய பின் மங்கிய விளக்கில் தைக்கும் பெண்ணிடம் கடை நேர்த்தியை எதிர்பார்த்தல் நியாயமன்று. கடைக்காரர் பகலில், நல்ல வெளிச்சத்தில், வேறு வேலையின்றி அமர்ந்து தைக்கிறார். நம் வீட்டுப் பெண்ணுக்கும் பகலில் 2 மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். மாட்டுக்குத் தண்ணீரை நீங்கள் காட்டுங்கள். இயந்திரத்தை அரசு கொடுக்கலாம். நேரத்தைக் குடும்பந்தான் கொடுக்க முடியும்.

அடுத்த பள்ளி ஆண்டு தொடங்கும்போது, ஊருக்கு ஐந்து பிள்ளைகளாவது தங்கள் தாய் தைத்த சட்டையை அணிந்து பெருமையுடன் பள்ளிக்குச் செல்லட்டும். மூலையில் நிற்கும் இயந்திரங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பை இன்றே ஏற்றுக்கொள்ளுமாறு அனைவரையும் வேண்டி அமைகிறோம்.