கரண்ட் போகும் முன்னே முடிவெடுப்போம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் கொழுந்து நிறையையும் பற்றிப் பேசத்தான் நாம் வழக்கமாகக் கூடுகிறோம். இன்று காற்றையும் மழையையும் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் தொழிற்சங்க வேலைதான். உயிர் இருந்தால்தானே உரிமை கேட்க முடியும்?

புயல் என்றால் முன்பெல்லாம் நமக்கு மட்டக்களப்புதான் ஞாபகம் வரும். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது கடற்கரைச் சனங்களின் கஷ்டம், மலையில் நமக்கு என்ன வரப்போகிறது என்று இருந்தோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா அந்த நினைப்பை அழித்துவிட்டது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் இழப்பு மிக அதிகம். கடலோரத்தில் கரையேறிய புயல் மலையில் இருப்பவனைக் கொன்றது. காற்றைவிட, மழையில் ஊறிய மண்தான் நமது எமன்.

அதனால் வீட்டைத் தயார்படுத்துவது என்று நாம் சொல்லும்போது, முதலில் பார்க்க வேண்டியது கூரையை அல்ல, லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையை. நிலத்தில் புதிதாக வெடிப்பு விழுந்திருக்கிறதா? சுவரிலும் நிலத்திலும் பிளவு பெருக்கிறதா? நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்கிறதா? பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா, அல்லது நின்றுவிட்டதா? இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புகிறதா? கதவு இறுகித் திறக்க முடியாமல் போகிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழை விடட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் கொடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் மூட்டையைக் கட்டி ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிக்க வேண்டிய நேரம். 100 தாண்டினால் ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கு ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள பால்மா டின் ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வையுங்கள். காலையில் பள்ளிப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் வையுங்கள். 7½ சென்ரிமீற்றர் நின்றால் அதுதான் 75 மில்லிமீற்றர். ஒரு லயத்துக்கு ஒரு டின் போதும்.

இப்போது கரண்ட் விஷயத்துக்கு வருவோம். கரண்ட் போனால் இருட்டுத்தானே, குப்பி லாம்பு இருக்கிறது என்று நினைக்கிறோம். ஆனால் கரண்ட் போனால் ரீவி இல்லை. சில மணித்தியாலத்தில் போன் செத்துவிடும். பிறகு கோபுரமும் வேலை செய்யாது. டித்வா நேரத்தில் மலைநாட்டில் எத்தனையோ இடங்கள் இப்படித் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. சிவப்பு எச்சரிக்கை கொடுத்தாலும் அது நம் காதுக்கு வந்து சேராது. ஆகவே வெளியேறும் முடிவைக் கரண்ட் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இரவில், மழையில், வெளிச்சமில்லாமல், வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வழுக்கும் படிக்கட்டில் இறங்குவது ஆபத்து. செம்மஞ்சள் நிறம் பகலில் வந்தால் பகலிலேயே போய்விடுங்கள்.

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பற்றரியில் ஓடும் வானொலி ஒன்றை வைத்திருக்க வேண்டும். போன் இல்லாத நேரத்தில் எல்லா லயத்துக்கும் செய்தி சொல்ல எது இருக்கிறது? கோயில் மணி இருக்கிறது, தப்பு இருக்கிறது. எத்தனை அடித்தால் வெளியேற வேண்டும் என்பதை இன்றே பேசி வையுங்கள். தனியாக இருக்கும் கிழவன் கிழவி, கர்ப்பிணி, நடக்க முடியாதவர் யார் யார் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை சில. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடிதங்கள், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மருந்து, டோர்ச், மாவு, பருப்பு, நனையாத விறகு, மூடி போட்ட பாத்திரத்தில் தண்ணீர் தேவை. கூரைத் தகரம் பறக்காமல் இருக்கக் கல் தூக்கி வைப்பது நமது வழக்கம். பெருங்காற்றில் அந்தக் கல்லே தலையில் விழும். தகரத்தைக் கம்பியால் மரத்தோடு இறுக்கிக் கட்டுவதே நல்லது. லயத்துக்குப் பின்னால் உள்ள கானைத் துப்புரவாக்குங்கள். அடைபட்ட கானில் தேங்கும் தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கும்.

காற்று எழும்பினால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அறுந்து கிடக்கும் வயரில் கரண்ட் இல்லை என்று யாரும் தீர்மானிக்க வேண்டாம். பிள்ளைகளையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாமல், 1987க்கு அறிவியுங்கள். மெழுகுவர்த்தியையும் குப்பி லாம்பையும் மெத்தைக்கும் சீலைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு லயம் முழுவதையும் எரித்த கதை நமக்குப் புதிதல்ல. வெள்ளத்துக்குப் பின் எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்பியூலன்ஸ் 1990. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் நமது பொறுப்பு. ஆனால், தோழர்களே, பொறுப்பு முழுவதையும் நம் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் தப்பிக்க விடமாட்டோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, சனங்கள் லயத்தில் இருந்தார்கள்.

ஏன் நம் ஆட்கள் போகத் தயங்குகிறார்கள்? பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். போவதற்கு இடம் எது என்று தெரியாது. விட்டுப்போன சட்டி பானையும் ஆடு மாடும் என்னவாகும் என்ற பயம். இந்தப் பயத்தை அறிவித்தல் பலகையால் போக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் நிர்வாகத்திடம் எழுத்தில் நாம் கேட்க வேண்டியவை நான்கு. தோட்டத்தில் அளக்கும் மழையின் அளவைத் தினமும் பெரட்டுக் களத்தில் எழுதிப் போட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை நாளில் யாரையும் மலைக்கு அனுப்பக் கூடாது, அந்த நாளின் பேரை வெட்டவும் கூடாது. மழைக்காலத்துக்கு முன்பே கானும் கூரையும் திருத்தப்பட்டு, லயத்தின் மேல் சாய்ந்த மரங்கள் வெட்டப்பட வேண்டும். ஒதுங்கும் இடம் பாடசாலையோ கோயிலோ இஸ்டோரோ எதுவானாலும், அந்த இடமே சரியாது என்று அதிகாரிகள் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தின் பிரதி பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் போகட்டும்.

நிரந்தரத் தீர்வு, உறுதியான மண்ணில் நமது பெயரில் காணியும் வீடும். அந்தப் போராட்டம் தொடரும். அது கிடைக்கும் நாள்வரை நம் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும். ஊவாப் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு வைகாசியிலிருந்தே மழை. உங்கள் பக்கத்து மழை தொடங்கும் முன் கமிட்டியைக் கூட்டுங்கள். டின்னை வையுங்கள், மணியடிக்கும் ஆளைத் தெரிவு செய்யுங்கள், கடிதத்தைக் கொடுங்கள். பதில் வராவிட்டால் எங்களுக்கு அறிவியுங்கள். அடுத்த கட்டத்தைச் சேர்ந்தே பார்ப்போம்.