பூரண ரொட்டி: செய்முறையும் பாதுகாப்பும்



பழனி மலைத் தொடரின் மேற்பகுதியில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களில் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் பூண்டும் விளைகின்றன. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் காபியும் மலைவாழையும் விளைகின்றன. விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆயினும், கோணலாக வளர்ந்த காரட்டையும் சிறுத்த கிழங்கையும் வியாபாரி ஒதுக்கிவிடுகிறார். பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால், நல்ல காயும் மூட்டையிலேயே தங்கிவிடுகிறது. ஒதுக்கிய காய் மாட்டுக்கும் எருக்குழிக்கும் போகிறது. அதே வேளையில் கோடைக்கானலுக்கு வரும் பயணிகளோ, சமவெளியிலிருந்து ஏறிவந்த பொட்டலப் பண்டங்களை வாங்கி உண்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே உழவர் வீட்டுப் பெண்கள் மேற்கொள்ளத்தக்க ஒரு சிறு தொழிலைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். அதுதான் பூரண ரொட்டி.

புளித்த கோதுமை மாவுக்குள் பூரணத்தை வைத்து மூடிச் சுடுவது பூரண ரொட்டியாகும். கொழுக்கட்டை பிடிக்கவும் சோமாசி மடிக்கவும் அறிந்த நம் தாய்மார்களுக்கு இது புதுக் கலையன்று. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் முதல் வீடுகளைக் கட்டியது தொட்டு மேல்நாட்டார் பலர் தங்கிவந்த கோடைக்கானலில், ரொட்டியும் புதிய உணவன்று. செய்வது எளிது; கெடாமல் வைத்திருப்பதே அரிது. ஆகவே, பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது.

மலையடிவாரம் கற்பிக்கும் பாடம்

உணவுப் பண்டம் கெடாதிருக்கும் வழியை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தைக் காணுங்கள். வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு ஆகியன சேரும் அப்பண்டத்தில் ஒரு துளி நீரும் விடுவதில்லை. பழத்திலுள்ள நீரையும் சர்க்கரை தன்பால் இழுத்துக்கொள்கிறது. கிருமிகள் பெருகுவதற்கு நீர் கிடைப்பதில்லை. பூரண ரொட்டிக்கும் இதுவே விதி. பூரணத்திலுள்ள நீரின் அளவே அது நிலைத்திருக்கும் காலத்தை முடிவு செய்கிறது. எனவே, கிழங்குப் பூரணத்தையும் இனிப்புப் பூரணத்தையும் ஒரே வகையாகக் கருதலாகாது.

செய்முறை

கோதுமை மாவு அரைக் கிலோ, மைதா அரைக் கிலோ, உலர்ந்த ஈஸ்ட் 10 கிராம், உப்பு 15 கிராம், சர்க்கரை 40 கிராம், எண்ணெய் 50 கிராம் எடுத்துக்கொள்க. ஏறத்தாழ 600 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டு, மாவு கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைக. கொதிநீர் ஈஸ்டைக் கொன்றுவிடும். மலைக் குளிரில் மாவு புளிக்க நேரம் மிகும். ஆகையால் அடுப்பங்கரையின் இளஞ்சூட்டில் மூடிவைக்க வேண்டும். கடிகாரத்தை நோக்காது மாவை நோக்குவதே முறை. அது இரு மடங்காகப் பொங்கினால் போதும். அதற்கு மேல் பொங்கவிட்டால் சுடும்போது அமுங்கிவிடும்.

கிழங்கு வேகவைப்பதிலும் ஒரு செய்தி உண்டு. கோடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டர் அளவில் உள்ளது. அவ்வுயரத்தில் நீர் 100 டிகிரியில் அன்றி, ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேக நேரம் மிகுதியாகும்; குக்கரில் வேகவைத்தல் நன்று. ஒதுக்கிய காயைப் பயன்படுத்தலாம் என்றோம். ஆனால் பச்சை நிறம் பாய்ந்த கிழங்கையும் முளைவிட்ட கிழங்கையும் ஒருபோதும் சேர்க்கலாகாது. அவற்றில் நஞ்சு கூடியிருக்கும். வேகவைத்தாலும் அது நீங்காது.

வெந்த கிழங்குடன் காரட், பீன்ஸ், வெங்காயம், மலைப்பூண்டு ஆகியவற்றை வதக்கி, நீர் முழுதும் வற்றும்வரை கிளறி, நன்றாக ஆறவிடுக. சூடான பூரணத்தை வைத்தால் உள்மாவு வேகாமல் களிபோல் நின்றுவிடும். 60 கிராம் மாவுக்கு 30 கிராம் பூரணம் என்னும் கணக்கில் 28 ரொட்டிகள் கிடைக்கும். ஓரத்தை இடைவெளியின்றி அழுத்தி மூடிச் சற்று நேரம் பொங்கவிட்டு, 200 டிகிரி சூட்டில் 15 முதல் 20 நிமிடம் சுடுக. ரொட்டி அடுப்பு இல்லாத வீட்டில், கனத்த இரும்புக் கல்லில் மூடி போட்டு, இளந்தீயில் இரு பக்கமும் திருப்பிச் சுடலாம்.

இனிப்பு வகைக்குப் பேரீச்சை, வறுத்த நிலக்கடலை, வெல்லம் ஆகியவற்றை இடித்துப் பூரணமாக்கலாம். பச்சைத் தேங்காய் சேர்த்தால் விரைவில் ஊசிப்போகும்.

பாதுகாக்கும் முறை

சுட்ட ரொட்டியை மூங்கில் தட்டில் பரப்பி, உட்சூடும் தணிந்த பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ரொட்டி வியர்க்கும். வியர்த்த ரொட்டியில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை உண்பதும் தவறு.

'மலைக் குளிர் இருக்கையில் குளிர்பெட்டி எதற்கு?' என்று பலர் கேட்கின்றனர். உணவைக் கெடுக்கும் கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பெருகுவன. நமக்குப் போர்வை தேவைப்படும் 15 டிகிரியும் அவ்வெல்லைக்குள் அடங்கியதே. சில கிருமிகள் விடும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆதலால் கிழங்கு ரொட்டியை வெளியில் வைத்து விற்போர், சுட்ட 4 மணி நேரத்திற்குள் விற்று முடிக்க வேண்டும். ஒரே முறையில் மிகுதியாகச் சுடாமல், காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் சுடுதல் உகந்தது. வைத்திருக்க விரும்பினால், ஆறியவுடன் 2 மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, 2 நாட்களுக்குள் உள்ளே ஆவி வரும்வரை சூடாக்கி உண்க. மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்தால் ஒரு மாதம் சுவை மாறாமல் இருக்கும். மின்சாரம் நின்று உறைநிலை நீங்கி இளகிய ரொட்டியை மறுபடியும் உறையவைத்தல் கூடாது.

உலர்ந்த இனிப்பு ரொட்டி மூடிய டப்பாவில் 2, 3 நாட்கள் தாங்கும். அதைக் குளிர்பெட்டியில் வைக்கத் தேவையில்லை. வைத்தால் ரொட்டி விரைவில் விறைத்துப்போகும். பூண்டை எண்ணெயில் ஊறவிட்டு அறையில் பல நாள் வைத்திருந்து பூரணத்திற்கு எடுப்பது உயிருக்கே தீங்காகலாம். அன்றன்று உரித்த பூண்டே ஏற்றது.

ஊராட்சியின் கடமை

28 ரொட்டிகளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காயே செலவாகும். ஆகவே, லாரி லாரியாகத் தேங்கும் காய்க்கு இத்தொழில் பரிகாரமாகும் என்று எவரும் எண்ண வேண்டாம். காய்க்குரிய விலை கிடைக்க வேறு முயற்சிகள் வேண்டும். ஆனால் எருக்குழிக்குப் போகும் ஒரு கூடைக் காய் ஒரு குடும்பத்தின் அன்றாடக் கூலியாகவும், பள்ளி செல்லும் பிள்ளையின் சிற்றுண்டியாகவும் மாறுமானால், அது சிறிய நன்மையன்று.

ஒவ்வொரு வீடும் தனித்தனியே அடுப்பும் உறைபெட்டியும் வாங்க இயலாது. மகளிர் குழுக்கள் பொதுவில் ஓர் அடுப்பு அமைக்க இடமும், தூய நீரும் கிடைக்க ஊராட்சி உறுப்பினர்கள் முன்னின்று உதவ வேண்டும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சிறிய அளவில் உணவு விற்போரும் பதிவு பெறுதல் கடமை. செய்தித்தாளில் உணவைச் சுற்றலாகாது. அதன் மை உணவில் கலக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை உண்டு. வாழையிலை நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

ஒவ்வொரு தட்டிலும் சுட்ட நேரத்தை எழுதிவையுங்கள். நேரம் கடந்ததை நட்டமென்று கருதாமல் அகற்றுங்கள். ஒரு பயணிக்கு வயிற்று நோய் கண்டால், கெடுவது ஒரு வீட்டின் பெயர் மட்டுமன்று; ஊரின் பெயரே கெடும். மாறாக, 'இவ்வூர்ப் பண்டத்தை நம்பி உண்ணலாம்' என்ற பெயர் ஒருமுறை நிலைத்துவிட்டால், நம் தாய்மார்களின் உழைப்புக்கு அதைவிடச் சிறந்த முதல் வேறில்லை. அந்நற்பெயரை ஈட்ட ஊராட்சியும் உழவரும் ஒன்றுபட்டு முயல்வோமாக!